பயத்துக்கு எடுத்த ஈசிஜி

போன மாதம் ஜெஸ்லின் வீட்டுக்கு வந்தபோது அவள் பையில் ஒரு ஜெர்மன் பாடப்புத்தகம் இருந்தது. நான் ஓய்வு பெறும் வரை என்னோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் அவள். இப்போது நம் பக்கத்து நர்ஸ் பிள்ளைகள் பலரும் ஜெர்மனிக்குப் போகத்தான் படிக்கிறார்கள். தென்காசியில் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் சத்தம் கேட்ட மாடிகளில் இப்போது தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்கிறது. ஜலதோஷம் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தால் ஜெர்மன் வகுப்பு.

"அக்கா, நோயாளி சொல்லுத வார்த்தையத்தான் முதல்ல படிக்கச் சொல்லுதாங்க. வலிக்குது, தண்ணி வேணும், பயமா இருக்கு. பயத்துக்கு அங்கன ஆங்ஸ்ட்னு பேரு" என்றாள்.

அவளுடைய டீச்சர் புனலூர்க்காரர். ஐரோப்பாவில் நாலைந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஒரே வார்த்தைக்கு வகுப்பு முழுவதையும் செலவழித்தாராம். ஜெர்மனியிலும் ஹாலந்திலும் ஆங்ஸ்ட் என்றால் அன்றாடப் பயம். நாய்க்குப் பயம், இருட்டுக்குப் பயம், பரீட்சைக்குப் பயம், எல்லாம் அதுதான். அதே வார்த்தையை இங்கிலாந்துக்காரன் கடன் வாங்கியபோது நாயையும் இருட்டையும் அங்கேயே விட்டுவிட்டான். காரணம் தெரியாமல் மனசுக்குள் குடைந்துகொண்டிருக்கும் சஞ்சலத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டான். சுவீடனில் அது ஓங்கெஸ்ட். சாதாரணப் பயத்துக்கு அங்கே வேறு வார்த்தை உண்டு, இது ஆளை அமுக்கிப்போடுகிற பயம். அதன் கூடப்பிறந்த ஓங்கெர் என்றால் செய்ததை நினைத்து வருந்துவது. அந்த வடக்குச் சீமைப் பழைய பாஷையில் அங்கர் என்றால் துக்கம். அந்தத் துக்கம் கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்து கோபமாகிவிட்டது. கோபத்துக்கு இங்கிலீஷில் நாம் சொல்கிற 'ஆங்கர்' அதுதான். மனசைக் குடைகிற அதே கலக்கம் பிரெஞ்சுக்காரருக்கு ஆங்குவாஸ், ஸ்பெயினில் அங்குஸ்தியா. லத்தீனில் அங்குஸ்தியா என்றால் இடுக்கான இடம், ஒரு ஆள் திரும்ப முடியாத சந்து. எல்லாவற்றுக்கும் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் நெரிப்பது, இறுக்குவது என்று ஒரே பொருளில் போய் நிற்குமாம். நமக்கும் நெருக்கடி என்றால் இடமில்லாததும் அதுதான், துன்பமும் அதுதான். இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஜெஸ்லின் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அங்கன ஒரு ஆளு ராத்திரி பகல்னு ஆங்ஸ்ட் ஆங்ஸ்ட்னு சொன்னா, அது மனசா, நெஞ்சான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? இங்கனயாவது கூப்பிட்டுக் கேக்க நீங்க இருந்தீங்க. அத நெனச்சாலே எனக்குத்தான் ஆங்ஸ்ட் வருது."

அவளுக்கு அன்று பாதிதான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஈசிஜி எடுப்பது என் வேலை. திருநெல்வேலியில் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் வளர்ந்தார்கள், மிஷின் மூன்று தடவை மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. நான் பயந்தாங்கொள்ளி. ஜெல்லியைத் தடவி, கை கால்களில் கிளிப்பை மாட்டி, நெஞ்சில் ஆறு இடத்தில் ரப்பர் பல்பை அமுக்கி ஒட்ட வைத்து, "அசையாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். மிஷினிலிருந்து தாள் வெளியே வர ஆரம்பிக்கும். இந்தத் தாளில் என்ன வரப் போகிறதோ என்ற பயம் முதல் நாளும் இருந்தது, கடைசி நாளும் இருந்தது.

படுத்திருப்பவர்களுக்கு வேறு பயம். வயர்களைப் பார்த்ததும் கரண்ட் வைக்கப் போகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். சுரண்டையிலிருந்து வந்த கமிஷன் கடைக்காரர் ஒருவர், "ஏம்மா, ஆரம்பிக்கதுக்கு முன்னால என் பிள்ளைகள ஒரு தரம் பாத்துக்கிடுதேன்" என்று கண் கலங்கினார். கரண்ட் உள்ளே போகாது, உங்கள் நெஞ்சிலிருந்துதான் எங்கள் மிஷினுக்கு வருகிறது என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் சுத்தமாக நம்பிக்கை இழந்துவிட்டார். கடைசி பல்பை ஒட்டும் நேரத்தில் எழுந்து, இரண்டு கால் கிளிப்போடும் வெளிநோயாளி வரிசை வரை ஓடினார். அன்று முழுக்கச் சிரித்தோம்.

பயந்தவர்களின் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தசை நடுங்குவதால் கோடு முழுக்கப் பொடிப்பொடியாக மேலும் கீழும் ஆடும். "தாள்ல புல்லு மொளச்சிருக்கு" என்பார் நல்லசிவம் டாக்டர். அந்தப் புல்லுக்கு அடியில் நெஞ்சு என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் பாடு.

நல்லசிவம் டாக்டர் அவசரப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர். குரல் உயராது. தாளை வாங்கியதும் மேஜையில் வைத்துப் பார்க்க மாட்டார், ஜன்னல் வெளிச்சத்துக்குப் போவார். கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு கோட்டின் மேலும் மெதுவாக நகர்த்துவார். முதல் தாளைப் பார்த்துவிட்டு ஒருநாளும் அவர் நார்மல் என்று சொன்னதில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல" என்பார். நெஞ்சில் பல்பு ஒட்டின இடங்களைப் பேனாவால் குறித்து வைக்கச் சொல்வார். மறுபடி எடுக்கும்போது அதே இடத்தில் எடுத்தால்தானே முன்னதையும் பின்னதையும் ஒப்பிட முடியும்? நோயாளி சொன்னதை அவர்கள் வாய்ச் சொல்லாகவே கேஸ் சீட்டில் எழுதுவார். 'நெஞ்சுக்குள்ள அம்மிக்கல்லு' என்று அவர் எழுதியதைப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கேலி செய்ததும் உண்டு.

அவருடைய அறையில் ஒரு வார்த்தைக்குத் தடை. யாரும் நோயாளியிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது.

அந்தத் தடை வந்த காரணம் எனக்குத் தெரியும், நானும் கூட இருந்தேன். புளியறை செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு லாரி டிரைவர் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு. வலியா என்றால் இல்லை, மூச்சு முட்டுதா என்றால் இல்லை. "பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். கூட வந்த கிளீனர், "பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேம்லா" என்றான். நான் ஜெல்லியை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த மனிதரின் மூச்சு நின்றுவிட்டது. எவ்வளவோ செய்தோம், பலிக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் ஜெல்லி எடுக்கத் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. நோயாளியைப் பார்த்தபடியே கையால் துழாவி எடுப்பேன்.

மறுநாள் டாக்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "பயப்படாதீங்கன்னு நீங்க சொன்னா அவங்க வாய மூடிக்கிடுவாங்க. அப்புறம் நமக்கு யாரு சொல்லுவா? பயம் எங்கன இருக்கு, கைய வச்சுக் காட்டுங்கன்னு கேளுங்க." ஆஞ்சைனா என்று நாம் நெஞ்சுவலிக்குச் சொல்கிறோமே, லத்தீனில் அதற்குத் தொண்டை நெரிப்பு என்று பொருள் என்பதையும் அவர்தான் அன்று சொன்னார். புனலூர் டீச்சர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லாமல் போனது அதனால்தான்.

இனி கோமதியின் கதை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஜெஸ்லின் எங்களோடு வந்து சேராத காலத்தில் நடந்தது.

அருவியில் தண்ணீர் விழும் நல்ல சீசன் நேரம். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஒரு கார் வந்து நின்றது. ஐம்பதைத் தொடும் வயதுள்ள ஓர் அம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுவந்தார் அவள் கணவர். அவர் போலீஸ் ஏட்டு. மப்டியில் இருந்தாலும் வாசலில் நின்றவர்களெல்லாம் "ஏட்டையா" என்று வழிவிட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல சார். பயந்த கோளாறு. பண்பொழிக்குப் போயிட்டிருக்கோம். வழியில வாந்தி எடுத்துட்டா, மேலெல்லாம் ஒரே வேர்வை. ஒரு ஊசி போட்டு விடுங்க, போதும்" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் பயந்தவர்களுக்கு முதலில் திருநீறு, பிறகுதான் டாக்டர். ஏட்டையா வீட்டு வழக்கம் இன்னும் ஒரு படி மேலே. பயந்தவர்கள் பண்பொழித் திருமலைக்கு நடந்தே படியேறி, முருகன் சன்னிதியில் திருநீறு பூசிக்கொள்ள வேண்டும். உச்சி வரை கார் போக ரோடு இருக்கிறது. ஆனால் அதில் போனால் பயம் தெளியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. முந்தின நாள் பேரருவியில் குளிக்கப் போயிருந்தார்கள். பெண்கள் பக்கம் தாயும் மகளும் நின்றுகொண்டிருந்தபோது தண்ணீர் திடீரென்று நிறம் மாறிக் கூடியது. விசில் ஊதினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்த நெருக்கடியில் மகளின் கை கோமதியின் இடது கையிலிருந்து நழுவிவிட்டது. நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, வெகுகாலம் காத்திருந்து பெற்றது. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புக் கம்பியில் மோதியது. காவலுக்கு நின்ற ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். முழங்காலில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. ஆனால் அப்போது முதல் கோமதி சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

முதல் தாள் முழுக்கப் புல். ஒன்றுமே தெரியவில்லை. காற்றாடியை நிறுத்தினேன், கம்பளியைப் போர்த்தினேன், இரண்டாவது எடுத்தேன். அதிலும் புல். கைகளைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். வலது கையை வைத்தாள், இடது கையை வைக்கவில்லை. மூன்றாவதும் அப்படியே வந்தது. அவளுடைய முகத்தில் ரத்தம் இல்லை. லாரி டிரைவரின் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஏட்டையாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அதான் ஒண்ணும் இல்லன்னு தெரியுதுல்லா, எத்தன தடவம்மா எடுப்பீங்க? மழை கூடிருச்சுன்னா படி வழுக்கும். நாங்க போணும்" என்று அறை அதிரப் பேசினார். கோமதியும், "என்னய எறக்கி விடுங்க சார். அங்கன போனா எனக்குச் சரியாயிரும்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். அவளே போகவேண்டும் என்று சொல்லும்போது யார் பிடித்து வைப்பது? ஊர்க்காரர்கள், அதிலும் அவர் போலீஸ்காரர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம் என்றால் போகவிட வேண்டியதுதான். அவள் அந்த மலைப் படியில் கால் வைப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "போகலாம் ஏட்டையா. எனக்கு ஒரே ஒரு தாள் சுத்தமா கெடைக்கட்டும், நானே வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைக்கேன்" என்றார். பிறகு கோமதியின் பக்கம் குனிந்தார். "பயம் எங்கன இருக்கும்மா? கைய வச்சுக் காட்டு."

வலது கையைத் தொண்டைக் குழியில் வைத்துக் காட்டினாள். "இங்கன. யாரோ பிடிச்சு நெரிக்காப்ல இருக்கு சார்."

டாக்டரின் கண் அவளுடைய இடது கையில் நின்றது. அது முஷ்டியாக இறுகி, விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அந்தக் கையிலிருந்துதான் நடுக்கம் உடம்பெல்லாம் ஏறிக்கொண்டிருந்தது.

"நேத்துலருந்து அப்படித்தான் சார் வச்சிருக்கா. விரிக்கவே மாட்டேங்கா" என்றார் ஏட்டையா.

"பிள்ள எங்க?"

"கார்ல இருக்கு."

"கூட்டிட்டு வாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஈசிஜி எடுக்கும்போது நோயாளியை யாரும் தொடக் கூடாது என்பது நான் பயிற்சியில் படித்த முதல் பாடம். "சார், தொட்டா லைன் கெட்டுப் போகும்" என்றேன்.

"இதுக்கு மேல கெட என்ன இருக்கு, உலகம்மா?"

பிள்ளை வந்தது. செல்வி என்று பெயர். ஈரம் காயாத ரெட்டைச் சடை, முழங்காலில் பிளாஸ்திரி. அறையையும் வயர்களையும் மாறி மாறிப் பார்த்தது. டாக்டர் அவளுடைய விரல்களை எடுத்து அந்த முஷ்டியின் மேல் வைத்தார். முஷ்டி திறந்தது. பிள்ளையின் கையைக் கவ்விக்கொண்டு மறுபடி மூடியது. கோமதியின் தோள் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். புல் இல்லை. கோடு சுத்தமாக வந்தது.

சுத்தமாக வந்ததுதான் பயங்கரம். நெஞ்சின் முன்பக்கத்துக் கோடுகள், கீழே இறங்கி நடக்க வேண்டிய இடத்தில் மேலேயே ஏறி நின்றன. பெரிய மாரடைப்பில் வருகிற தாள் அது. டாக்டர் ஜன்னலுக்குப் போனார், நகத்தை நகர்த்தினார், திரும்பி வந்தார். "ஏட்டையா, மலைக்கு இன்னொரு நாள் போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நர்ஸிடம் மருந்துகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஏட்டையா கத்தினார். கார் டிரைவரைத் திட்டினார், என்னைத் திட்டினார், அருவிக் காவலுக்கு நின்ற எல்லோரையும் திட்டினார். ஒருத்தருக்கும் அறிவில்லை என்றார். கத்திக்கொண்டே கோமதியின் காலில் கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்தினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் செல்வி என் சேலையை இழுத்தாள். "அம்மா கைய விட்டுட்டா" என்றாள்.

தாளைப் பார்த்தேன். கோடு கன்னாபின்னா என்று கிறுக்கிக்கொண்டிருந்தது. இது நடுக்கம் இல்லை. நெஞ்சே தாளம் தப்பிவிட்டது. "சார்" என்றேன். டாக்டர் அதற்குள் ஷாக் மிஷினை இழுத்துவிட்டார். "பிள்ளயத் தூக்குங்க" என்றார். நான் செல்வியை இடுப்போடு தூக்கி வெளியே வராந்தாவில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழும் சத்தம் கேட்கவில்லை. இந்தப் பக்கம் ஏட்டையா சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார். முதல் ஷாக்கில் கோடு திரும்பவில்லை. இரண்டாவதில் ஒரு துடிப்பு வந்தது, அடுத்து இன்னொன்று வந்தது. மூன்றாவது துடிப்புக்காக நான் காத்திருந்த அந்த நேரம் என் வேலைக் காலத்திலேயே நீளமான நேரம்.

ஆம்புலன்ஸில் டாக்டரே ஏறித் திருநெல்வேலிக்குப் போனார். மறுநாள் அங்கிருந்து வந்த செய்தி எங்கள் எல்லோரையும் குழப்பிவிட்டது. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு என்று எதுவுமே இல்லை. இதயத்தின் நுனி மட்டும் திகைத்துப்போய்ச் சுருங்க மறந்து நின்றதாம். அதிர்ச்சியில் அப்படி ஆவது உண்டு, பார்த்துக்கொண்டால் தேறிவிடும் என்று அங்குள்ள டாக்டர்கள் சொன்னார்கள்.

கோமதி தேறிக்கொண்டு வரும்போது ஏட்டையா ஒருநாள் எங்கள் டாக்டரைப் பார்க்க வந்தார். பாதி தயக்கத்தோடு கேட்டார்: "அப்போ நாங்க சொன்னதுதான சார் சரி? பயந்த கோளாறுதான?"

"பயந்த கோளாறேதான் ஏட்டையா. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. படியேறியிருந்தா பாதியிலயே போயிருப்பாங்க. அதுவும் சரி."

ஏட்டையா என்னிடம் வந்து, அன்றைக்குக் கத்தியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை. துக்கம் கடல் தாண்டிக் கோபமான கதை அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் அவர் போட்ட சத்தம் என்னவென்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஜெஸ்லினுக்கு நான் சொன்னது இதுவரைதான். மனசா நெஞ்சா என்று நீ தீர்ப்புச் சொல்லப் போகாதே, அது இரண்டுமாகவும் இருக்கும். எங்கே என்று கேள், தாளை எடு, மறுபடியும் எடு என்றேன். ஒரு காகிதத்தில் ஜெர்மனில் எழுதிக்கொண்டாள். பஸ் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டது இதுதான்.

சில வாரம் கழித்துக் கோமதி மறுபரிசோதனைக்கு வந்தாள். ஏட்டையாவும் செல்வியும் கூட வந்தார்கள். தாள் அழகாக வந்தது. டாக்டர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் எங்களுக்கெல்லாம் தீபாவளி. ஏட்டையா கையெடுத்துக் கும்பிட்டார். கோமதி படுத்திருந்த மேஜையிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பல்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் செல்வி மேஜை மேல் ஏறிப் படுத்திருந்தாள். அம்மாவுக்குச் செய்ததைப் பார்த்து வைத்திருந்தவள் போல இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி நீட்டியிருந்தாள்.

"எனக்கும் எடுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உனக்கு எதுக்கு ஏட்டி?"

"எனக்கும் பயமா இருக்கு."

"எப்பருந்து?"

"தண்ணிக்குள்ள போனதுலருந்து."

கோமதியின் கை சேலை மடிப்பிலேயே நின்றுவிட்டது. டாக்டர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். ஏட்டையா மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

செல்வி மேலே கூரையைப் பார்த்தபடியே, அசையாமல் சொன்னாள்.

"அம்மாதான் பயந்துட்டான்னு எல்லாரும் சொன்னீங்க. எங்கிட்ட யாரும் கேக்கல."